கடலடியில் மூச்சுக் காற்று: எஃகுச் சிலிண்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை



மும்பையிலும் புணேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் மால்வண் கடற்கரைக்கும் கோவாவுக்கும் செல்வது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் இருப்போர் முருடேசுவரம் சென்று, அங்கிருந்து படகேறி நேத்ராணித் தீவை அடைகின்றனர். அந்தமானிலோ நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றனர். முன்பு ஹேவ்லாக் என்று வழங்கி, 2018 முதல் சுவராஜ் தீவு எனப் பெயர் பெற்ற தீவு அவர்களுக்கு அண்டை வீடு போன்றது. இவ்விடங்களில் எல்லாம், முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, மீன்களையும் பவளப் பாறைகளையும் கண்டு திரும்புவோரைக் காணலாம். ஸ்கூபா என்பது இக்கலையின் பெயர்.

முதலில் வாடகைச் சிலிண்டரோடு இறங்குகிறவர், முறையான பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கியபின், தமக்கென்று சொந்தமாக ஒரு சிலிண்டர் வேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறார். அதுவும் எஃகுச் சிலிண்டராக இருக்க வேண்டும் என்கிறார். வீட்டிலுள்ள பெரியவர்களோ, சமையல் வாயுச் சிலிண்டர் ஒன்றைத்தான் அறிந்தவர்கள். பணத்தைக் கொடுப்பதா மறுப்பதா என்று திகைக்கின்றனர். கேட்பவர், கொடுப்பவர் ஆகிய இருவருக்கும் பயன்படும்படி இப்பொருளைப் பற்றிச் சிறிது விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். செய்தித்தாள்களில்கூட இதனை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். இதில் அடைத்திருப்பது பிராணவாயு அன்று; நாம் அன்றாடம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுவும், 78 பங்கு நைட்ரஜனும், எஞ்சியது பிற வாயுக்களுமாகிய அதே காற்றை வடிகட்டி, ஈரம் போக்கி, அழுத்தி அடைக்கிறார்கள். தூய பிராணவாயுவைச் சுவாசித்துக்கொண்டு ஏறக்குறைய 6 மீட்டருக்குக் கீழே சென்றால் அது நஞ்சாகி, வலிப்பை உண்டாக்கக் கூடும். ஆகவே 'ஆக்சிஜன் நிரப்பிக் கொடுங்கள்' என்று யாரேனும் கேட்பாராயின் அவர் இன்னும் பயிற்சியைத் தொடங்கவில்லை என்று கொள்ளலாம்.

இனி அழுத்தத்துக்கு வருவோம். கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார் ஆகும். மோட்டார் வண்டியின் சக்கரத்தில் அடைக்கும் காற்று ஏறத்தாழ 2 பார். முக்குளிப்போரின் சிலிண்டரில் அடைக்கப்படுவதோ 200 பார். பழைய கணக்கில் சொன்னால் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,900 இராத்தல். மோட்டார்ச் சக்கரத்தைப் போல் நூறு மடங்கு அழுத்தத்தை முதுகில் சுமக்கிறோம் என்பதை நினைவில் வைத்தால், இதனை வாங்குவதில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்ற வினா எழாது.

பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்டோவும் எமில் கான்யானும் 1943-இல் ரெகுலேட்டர் என்னும் கருவியைச் செம்மைப்படுத்தினர். மூச்சை இழுக்கும்பொழுது மட்டும், சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்கு ஒத்த அழுத்தத்தில் காற்றைத் தருவது அதன் வேலை. இன்றைய ஸ்கூபா முழுவதும் அதிலிருந்து பிறந்ததே. அன்றைக்குச் சிலிண்டர் என்றால் எஃகுதான். அலுமினியச் சிலிண்டர் 1970-களில்தான் பரவலாயிற்று. நம் நாட்டு முக்குளிப்பு நிலையங்களில் வாடகைக்குக் கிடைப்பன பெரும்பாலும் அலுமினியமே. விலை குறைவு, துருப்பிடிக்காது, அடி தட்டையாக இருப்பதால் தானே நிற்கும் என்பன அவற்றின் நற்குணங்கள். அப்படியிருக்க, எஃகைத் தேடுவோர் எதற்காகத் தேடுகின்றனர்?

அதிகக் காற்று கிடைக்கும் என்பதற்காக, என்று பலர் விடை சொல்வார்கள். இவ்விடை முழு உண்மை அன்று. கணக்கிட்டுப் பார்ப்போம். அமைதியாக நீந்தும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்பொழுதும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றும் அதே விகிதத்தில் செலவாகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 பார். எனவே நிமிடத்துக்கு 60 லிட்டர் வேண்டும். 12 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று அடங்கும். அதில் 50 பாரை எப்பொழுதும் கையிருப்பாக வைத்துக்கொண்டே மேலேற வேண்டும் என்பது மரபு. எஞ்சிய 1,800 லிட்டர் 30 நிமிடத்துக்குப் போதும். நிலையங்களில் காணப்படும் வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். அதே கணக்கில் அது 28 நிமிடம் தரும். வேறுபாடு இரண்டே நிமிடம்! இந்த இரண்டு நிமிடத்துக்காக எவரும் இத்தனை பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எஃகுச் சிலிண்டரின் கழுத்தில் 232 பார் என்று பொறித்திருக்குமே, அந்த அளவுக்கு நிரப்பினால் 36 நிமிடம் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், நிரப்பித் தருவோர் இருந்தால். அலுமினியச் சிலிண்டரை வைத்துத் தொழில் நடத்தும் நிலையத்தார் தங்கள் கம்ப்ரெஸ்ஸரை 200 பாருக்கு மேல் ஓட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆகையால் சிலிண்டரை வாங்குமுன், எவ்வளவு அழுத்தத்துக்கு நிரப்பித் தருவீர்கள் என்று உங்கள் கடற்கரையிலுள்ள நிலையத்தாரைக் கேட்டுவிடுங்கள். அவர்கள் 200 என்றால், 300 பார்ச் சிலிண்டரை வாங்குவது கனத்தை விலை கொடுத்து வாங்குவதேயாகும். மேலும் ஒன்று உண்டு. 300 பாருக்கே நிரப்பினாலும், 200 பாரில் அடங்குவதைப்போல் ஒன்றரை மடங்கு காற்று அதில் அடங்காது. மிகுந்த அழுத்தத்தில் காற்று எளிய கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை, ஏறக்குறைய 1.4 மடங்குதான் அடங்கும்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. ஆழத்தில் நைட்ரஜன் உடலில் ஏறுகிறது. அதனால் 30 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு மேல் தங்குவோர் நேராக மேலேறிவிட முடியாது. வழியில் நின்று நின்று ஏற வேண்டும். இவ்வாறு உடலே கட்டளையிடும்பொழுது, சிலிண்டரில் மிஞ்சிய காற்று அவ்வாழத்தில் தங்குவதற்குப் பயன்படாது. எனவே 15 லிட்டர்ச் சிலிண்டர் எல்லாருக்கும் வேண்டியதன்று. பருத்த உடலினர், மூச்சு மிகுதியாகச் செலவாகிறவர், பிறருக்கு வழிகாட்டும் தொழிலினர் ஆகியோருக்கே அது பொருந்தும்.

எஃகின் உண்மையான சிறப்பு காற்றின் அளவில் இல்லை. நீருக்குள் அதன் எடையில் இருக்கிறது. இதனைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான அளவு எடை குறைகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. பள்ளியில் படித்தது இப்பொழுது கைகொடுக்கும். எஃகு அலுமினியத்தைவிட மிகவும் வலியது. ஆகையால் எஃகுச் சிலிண்டரின் சுவர் 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்பே போதும். அலுமினியச் சிலிண்டருக்கோ 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். தரையில் எடை போட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. 12 லிட்டர் எஃகுச் சிலிண்டர் சுமார் 14 கிலோ, 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரும் சுமார் 14 கிலோ. சமையல் வாயுச் சிலிண்டரின் வெற்றெடை ஏறக்குறைய இதே அளவு என்பதால், தூக்கிப் பார்த்த இல்லத்தரசிகளுக்கு இந்தக் கனம் தெரியும். ஆனால் நீருக்குள் இறக்கினால் இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

எஃகுச் சிலிண்டர் உள்ளே 12 லிட்டர் இடமும், சுவரின் பருமனாக ஏறத்தாழ 1.8 லிட்டரும் கொண்டது. ஆக 13.8 லிட்டர் கடல்நீரை விலக்குகிறது. அந்நீரின் எடை 14.1 கிலோ. வால்வையும் சேர்த்துச் சிலிண்டரின் எடை 14.8 கிலோ எனக் கொண்டால், காற்று முழுவதும் தீர்ந்த நிலையிலும் அது அரைக் கிலோவுக்குச் சற்று மேலாக மூழ்கும் எடையுடையதாக இருக்கும். அலுமினியச் சிலிண்டரோ சுவர் பருத்திருப்பதால் 16 லிட்டருக்கு மேல் நீரை விலக்குகிறது. ஆகவே காலியானதும் ஏறக்குறைய 2 கிலோ விசையுடன் மேலே மிதக்க முயலும்.

காற்றுக்கும் எடை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2,400 லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 2.9 கிலோ. இறங்கும்பொழுது நிறைந்திருந்த சிலிண்டர், ஏறும்பொழுது அதில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. மேலேறும் வழியில், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நின்று நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும் என்று பயிற்சியில் கற்பிப்பார்கள். காலியாகும் அலுமினியச் சிலிண்டர் அந்த நேரத்தில் மேலே இழுக்கும். அதனைச் சரிக்கட்டவே, தொடக்கத்திலிருந்து இடுப்பில் இரண்டு கிலோ ஈயத்தை அதிகமாகக் கட்டிக்கொள்கிறார்கள். எஃகுச் சிலிண்டரை உடையவருக்கு இந்த ஈயம் வேண்டியதில்லை. படகில் தூக்கிச் சுமப்பதும் அந்த அளவுக்குக் குறைகிறது. எஃகை விரும்புவோர் சொல்லும் காரணங்களில் நம் கருத்துக்கு முழுமையாக ஒத்தது இது ஒன்றே.

ஆனால் இதே சிறப்பு ஓர் அபாயத்தையும் உடன்கொண்டு வருகிறது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு விரைந்து இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். தோணியிலுள்ளவர் கயிற்றால் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். குளித்தவர் கனமின்றி மேலெழுவார். ஸ்கூபாவில் இடுப்பு ஈயம் அந்தக் கல்லைப் போன்றது. ஆபத்து வந்தால் வாரைத் தட்டிவிட்டு எறிந்துவிடலாம். எஃகுச் சிலிண்டரின் கனத்தை அவ்வாறு எறிய முடியுமா? மூச்சே அதில்தான் இருக்கிறது. அது விடமுடியாத கல்!

ஒருவர் 15 லிட்டர் எஃகுச் சிலிண்டரை அணிந்து, மெல்லிய உடையோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த நிலையில் அச்சிலிண்டர் நீருக்குள் ஏறக்குறைய 4.5 கிலோ மூழ்கும் எடையுடையது. ரெகுலேட்டரும் பிற பித்தளைக் கருவிகளும் சேர்ந்து அதனை மேலும் கூட்டுகின்றன. மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி இவற்றையெல்லாம் சமன் செய்கிறார். அந்தச் சட்டை கிழிந்து காற்று போய்விட்டால், அத்தனை கனத்தையும் கால் துடுப்பால் உதைத்தே மேலே கொண்டுவர வேண்டும். கலக்கமுற்ற மனிதரால் அது எளிதில் முடியாது. கழற்றி எறிய இடுப்பில் ஈயமும் இல்லை.

குளிர்ந்த நாடுகளில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. அங்கே 7 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள ரப்பர் உடையையோ, நீர்புகாத உலர் உடையையோ அணிகிறார்கள். அவ்வுடை பெரிதும் மிதப்பதால், எஃகின் கனம் அவர்களுக்குப் பெரும் உதவி. ஐரோப்பியக் கடல்களிலிருந்து வரும் நண்பர்கள் எஃகைப் புகழ்ந்து பேசுவது அதனால்தான். நம்முடைய கடல் வேறு. அந்தமானிலும் இலட்சத்தீவிலும் நீரின் வெப்பம் 27, 28 பாகைக்குக் குறைவது அரிது. 3 மில்லிமீட்டர் உடையே போதும். அதுவும் இன்றிப் பருத்தி உடையோடு இறங்குவோரும் உண்டு. அவர்களுக்கு அயலார் சொல்லும் அறிவுரை அப்படியே பொருந்தாது. நம் நாட்டுக் கடலுக்கு, நடுத்தர உடற்கட்டுள்ளவர் ஒற்றைச் சிலிண்டர் வாங்குவதானால், 10 அல்லது 12 லிட்டர்க் கொள்ளளவும் 232 பார் வரையறையும் உள்ளதே ஏற்றது என்பது நமது கருத்து. மெலிந்த உடலுடைய பெண்களுக்கும் இளைஞர்க்கும் 10 லிட்டரே சாலும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதே அளவுள்ள சிலிண்டரை ஒரு நாள் இரவல் பெற்று, நிறைந்த நிலையில், பயிற்சியாளரின் துணையோடு, நிற்க முடிகிற ஆழமுள்ள நீரில் இறங்குங்கள். மிதவைச் சட்டையில் காற்று இல்லாமல், காலை மட்டும் உதைத்து நீர்மட்டத்தில் தலையை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அச்சிலிண்டர் உங்களுக்கு உரியதன்று. ஈயமே கட்டாமலும் மூழ்குகிறதென்றால் நிச்சயமாக அன்று.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 12 லிட்டர்ச் சிலிண்டர் குட்டையும் பருமனுமாக 204 மில்லிமீட்டர் விட்டத்திலும், நெட்டையாக 171 மில்லிமீட்டர் விட்டத்திலும் கிடைக்கிறது. குட்டையானவருக்கு நெட்டைச் சிலிண்டர் இடுப்புக்குக் கீழே இடிக்கும். முதுகில் வைத்துப் பார்த்து வாங்குவதே போதுமானது.

அடுத்து துரு. எஃகுக்கு இதுவே பரம விரோதி. வெளிப்புறத்தில் துத்தநாகம் பூசி, அதன்மேல் வண்ணமும் பூசியிருப்பார்கள். கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு எஃகைக் காக்கும். ஆகவே துத்தநாகப் பூச்சு இல்லாமல் வண்ணம் மட்டும் உள்ள சிலிண்டரை, உப்புக் காற்று ஓயாத ஊரில் வாழ்வோர் வாங்க வேண்டாம். எஃகின் அடி உருண்டையானது என்பதால் நிறுத்துவதற்கு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் காலணி ஒன்றை மாட்டியிருப்பார்கள். உப்புநீர் அதற்குள் தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டிருக்கும். அதனை அவ்வப்போது கழற்றி, நல்ல நீரால் கழுவி உலர்த்த வேண்டும். துரு போக்கிப் புது வண்ணம் பூசுகிறேன் என்று பட்டறையில் கொடுத்துச் சூடேற்றவே கூடாது. எஃகின் வலிமை அது பதப்படுத்தப்பட்ட முறையில் இருக்கிறது. கண்டபடி சூடேற்றினால் அப்பதம் கெடும்.

உட்புறத் துரு இதைவிடக் கொடியது. உள்ளே பூச்சு எதுவும் இல்லை. ஒரு கரண்டி உப்புநீர் உள்ளே புகுந்தாலும் போதும். 200 பார் அழுத்தத்தில் செறிந்திருக்கும் பிராணவாயு அரிப்பை விரைவாக்கும். நீர் புகுவது இரண்டு வழிகளில். காற்றை முற்றிலும் தீர்த்துவிட்டு வால்வைத் திறந்தபடி விட்டால் கடல்நீர் புகும்; 50 பாரை மிச்சம் வைக்கும் மரபுக்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, நிரப்பும்பொழுது வால்வின் வாயில் தங்கியிருக்கும் சில துளிகள். நல்ல நிலையத்தார் குழாயைப் பொருத்துமுன் வால்வைச் சிறிது திறந்து அத்துளிகளை ஊதித் தள்ளுவார்கள். நீங்கள் நிரப்பக் கொடுக்கும் இடத்தில் அப்படிச் செய்கிறார்களா என்று பாருங்கள். கம்ப்ரெஸ்ஸர் காற்றை இழுக்கும் இடத்துக்கு அருகே எஞ்சின் புகை வருகிறதா என்றும் பாருங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே போனால் நீருக்கு அடியில் அது உயிரைக் குடிக்கும்.

துருவினால் சுவர் மெலிவது ஒருபுறம் இருக்க, அது உள்ளிருக்கும் காற்றையே கெடுக்கும் என்பது பலர் அறியாத செய்தி. இரும்பு துருப்பிடிப்பது என்றால் பிராணவாயுவோடு சேர்வது என்று பொருள். ஈரம் புகுந்த சிலிண்டரைச் சிறிதளவு காற்றோடு மாதக் கணக்கில் மூலையில் போட்டுவைத்தால், அதிலுள்ள பிராணவாயுவைத் துரு விழுங்கிவிடும். மீட்டரில் அழுத்தம் தெரியும்; காற்றுக்கு மணமும் இராது, நிறமும் இராது; சுவாசிப்பவர் மட்டும் உணர்விழப்பார். ஆகையால் நெடுநாள் சும்மா இருந்த எஃகுச் சிலிண்டரின் காற்றை ஒருபோதும் சுவாசிக்கக் கூடாது. உட்புறத்தைப் பார்வையிடச் செய்து, புதிதாக நிரப்பியே பயன்படுத்த வேண்டும். நெடுநாள் வைத்திருப்பதானால் 20, 30 பார் அளவே காற்றை விட்டு, நிமிர்த்தி நிறுத்தி வைப்பது நன்று. உள்ளே ஈரம் இருந்தாலும், சுவர் தடித்த அடிப்பகுதியில்தான் அது தேங்கும்.

வால்வில் இரண்டு வகை உண்டு. ரெகுலேட்டரை ஒரு கவ்வியால் இறுக்குவது ஒன்று; திருகி உள்ளே பொருத்துவது மற்றொன்று. பின்னதற்கு ஜெர்மானியர் வகுத்த தரத்தையொட்டி 'டின்' என்று பெயர். திருகுவது உறுதியானது. ஆனால் வாடகை ரெகுலேட்டர்கள் பல கவ்வி வகையாக இருப்பதால், சிறு செருகு ஒன்றின் உதவியால் இரண்டு விதமாகவும் பயன்படும் வால்வை வாங்குவது நம்போன்றோருக்கு வசதி.

இதனினும் முக்கியமானது, வால்வு சிலிண்டரின் கழுத்தில் திருகப்படும் மரை. ஐரோப்பிய முறையில் 25 மில்லிமீட்டர் மரை. கழுத்தில் 'எம் 25' என்று பொறித்திருக்கும். அமெரிக்க முறையில் முக்கால் அங்குல மரை. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 25 மில்லிமீட்டர் வால்வை முக்கால் அங்குலக் கழுத்தில் திருகினால் ஓரளவு ஏறியும் கொள்ளும், பொருந்திவிட்டதாகவே தோன்றும். காற்றை நிரப்பும்பொழுது, மரை தாங்காமல் வால்வு துப்பாக்கிக் குண்டைப்போல் பறந்துவிடும். இவ்வாறு விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. சிலிண்டரை ஓரிடத்திலும் வால்வை வேறிடத்திலும் வாங்கித் தாமே பொருத்த நினைப்போர் இந்த ஒன்றை மட்டுமாவது மறவாதிருக்க வேண்டும். வால்வைக் கழற்றுவதும் மாட்டுவதும் அதற்குரிய தொழிலறிந்தவர் வேலை.

கழுத்தில் பொறித்துள்ள எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது பணத்தையும் உயிரையும் காக்கும். செய்தவர் அடையாளம், வரிசை எண், கொள்ளளவு, வெற்றெடை, நிரப்பும் அழுத்தம், சோதனை அழுத்தம், சோதித்த மாதமும் ஆண்டும் ஆகியவை அங்கே இருக்கும். சமையல் வாயுச் சிலிண்டரின் மேற்பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஆண்டும் எழுதியிருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். அது அடுத்த சோதனைக்கு உரிய காலாண்டு. முக்குளிப்புச் சிலிண்டரில் பொறிப்பதோ முன்பு சோதனை செய்த நாள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கழிந்த நாளை வரப்போகும் நாளாக எண்ணிவிடக் கூடாது.

சோதனை எப்படி நடக்கிறது? 232 பார்ச் சிலிண்டரை நீரால் நிரப்பி 348 பார் அழுத்தத்துக்கு, அதாவது ஒன்றரை மடங்குக்கு, ஏற்றுகிறார்கள். காற்றை விடுத்து நீரை ஏன் பயன்படுத்த வேண்டும்? காற்று அழுந்திச் சுருங்கும். சிலிண்டர் வெடித்தால் அத்தனையும் ஒரே கணத்தில் விரிந்து கட்டடத்தையே தகர்த்துவிடும். நீர் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. ஆகவே சிலிண்டர் பிளந்தாலும் சிறிது நீர் பீய்ச்சுவதோடு முடிந்துவிடும். பல நாடுகளில் இச்சோதனையை 5 ஆண்டுக்கு ஒரு முறை செய்கிறார்கள். உட்புறத்தை விளக்கிட்டுப் பார்ப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. உள்ளே செந்தூள் போன்ற மெல்லிய துரு கண்டால் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். குழிகள் விழுந்திருந்தால் அச்சிலிண்டரின் ஆயுள் முடிவு தொழிலறிந்தவர் கையில்.

நம் நாட்டில் அழுத்த வாயுச் சிலிண்டர்கள் 2016-ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டவை. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றை மேற்பார்வை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து சிலிண்டரைத் தருவிக்கவும் இவ்விதிகளின்படி அனுமதி வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ உள்ள உறவினர் ஊருக்கு வரும்பொழுது பெட்டியில் வைத்து ஒன்று கொண்டுவரட்டும் என்று எண்ணுவது சட்டத்தையும் விமான நிலையத்தையும் அறியாத எண்ணம். அப்படியே வந்து சேர்ந்தாலும், நம் நாட்டு அனுமதி இல்லாத சிலிண்டரைப் பொறுப்புள்ள நிலையத்தார் நிரப்ப மறுப்பார்கள். மறுப்பதுதான் முறை.

பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்பார் சிலர். எஃகு பழையதாக இருப்பது குற்றமன்று. நன்கு பேணிய எஃகுச் சிலிண்டர் பல பத்தாண்டுகள் உழைக்கும். வால்வைக் கழற்றி உள்ளே பார்க்க விடாத விற்பனையாளரிடம் மட்டும் வாங்காதீர்கள். 165 பார் வரையறையுள்ள பழைய அமெரிக்கச் சிலிண்டரைக் காட்டி, இதையும் 200 பாருக்கு மேல் அடைத்துப் பல ஆண்டுகளாக ஓட்டுகிறோம் என்று சொல்வோரும் உண்டு. கழுத்தில் பொறித்த எண்ணுக்கு மேல் நிரப்பலாகாது. இதில் வாதத்துக்கு இடமே இல்லை.

இனி, வாங்கத்தான் வேண்டுமா என்ற வினா. தில்லியிலோ நாகபுரியிலோ ஹைதராபாத்திலோ இருந்துகொண்டு ஆண்டில் ஒரு வாரம் கடலுக்குச் செல்பவர் சிலிண்டர் வாங்குவது வீண். நிறைந்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது. காலியானதைச் சுமந்து செல்வதோ கூலிக்குக்கூடக் கட்டாது. அவர் அப்பணத்தில் நல்ல முகமூடியும், தமக்கென்று ஒரு ரெகுலேட்டரும் வாங்கிக்கொண்டு, அங்கே வாடகைச் சிலிண்டரை எடுப்பதே சிறந்தது. எடுக்குமுன் கழுத்திலுள்ள சோதனை நாளைப் பார்க்கும் உரிமை வாடகைக்கு எடுப்பவருக்கும் உண்டு. மாதந்தோறும் கடலில் இறங்குபவர், தீவுகளிலோ கரையோர நகரங்களிலோ குடியிருப்பவர், வழிகாட்டும் தொழிலில் இருக்கும் இளைஞர் ஆகியோருக்கே சொந்தச் சிலிண்டர் பொருத்தம். அவர்களுக்கு எஃகு நல்ல தேர்வு.

மாற்றலுக்கு உட்பட்ட வேலையில் இருப்போர் ஒன்றைக் கருத வேண்டும். கடற்கரை ஊரிலிருந்து உள்நாட்டுக்கு உத்தரவு வந்தால், வீட்டுச் சாமான்களோடு சிலிண்டரையும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே அது பரணில் கிடந்து துருவேறும். அந்தக் கடற்கரையிலேயே முக்குளிக்கும் ஒருவருக்கு விற்றுவிடுங்கள். வாங்கிய ரசீது, சோதனைச் சான்று, கடைசியாக உட்புறம் பார்த்த நாள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.